பல பேர் லாகின் பண்ற லினக்ஸ் மெஷின்ல நெட்வொர்க் சர்வீஸ் ஆன் பண்றது: முழுமையான வழிகாட்டி

ஒருத்தர் மட்டும் யூஸ் பண்ற லேப்டாப்ல ஒரு சர்வீஸ ஆன் பண்ற அதே கமாண்டுதான் முப்பது பேர் லாகின் பண்ற சர்வர்லயும் வேலை செய்யும், அதனாலயே நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணா நினைச்சுடறாங்க. லேப்டாப்ல தப்பு பண்ணா நம்ம ஃபைல்தான் போகும். ஷேர்டு மெஷின்ல நாம திறக்கற ஒவ்வொரு போர்ட்டும் (ஒரு சர்வீஸ அடையறதுக்கான நம்பர் போட்ட கதவு) அங்க அக்கவுண்ட் வச்சிருக்கற அத்தனை பேர் தலையிலயும் விடியும், அதுல பாதி பேருக்கு போர்ட்னா என்னன்னே தெரியாது, நம்மள நம்பி அவங்க வேலைய அங்க வச்சிருக்காங்க. நான் பல வருஷமா இந்த மாதிரி மெஷின்கள பாத்துக்கறேன். புதுசா ஒருத்தர் இந்தப் பொறுப்புக்கு வந்தா பக்கத்துல உக்கார வச்சு என்ன சொல்லுவேனோ அதைத்தான் இங்க வரிசையா எழுதறேன்.

கமாண்டு, ஃபைல் பேர் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்கோங்க. உபுண்டு, டெபியன வச்சுதான் சொல்றேன், ரெட்ஹேட் குடும்பத்துல (ஃபெடோரா, ராக்கி, அல்மா) மாறுற இடத்துல அங்கங்க சொல்லிடறேன்.

முதல்ல, இப்போ என்னென்ன திறந்திருக்குன்னு பாருங்க

புதுசா எதையும் ஆன் பண்றதுக்கு முன்னாடி ஏற்கனவே என்ன ஓடுதுன்னு தெரியணும். சுடோ (ரூட்ங்கற முழு அதிகாரத்தோட ஓட்டறது) போட்டு எஸ்எஸ் கமாண்டு, அதுக்கு ஆப்ஷனா டி, யு, எல், என், பி அஞ்சு எழுத்தும் சேத்து அடிங்க. சுடோ இல்லாம அடிச்சா லிஸ்ட் வரும், ஆனா அடுத்தவங்க ஓட்டற ப்ராசஸ் பேர் தெரியாது, பல பேர் இருக்கற மெஷின்ல அந்தப் பேர்தான் முக்கியம்.

லிஸ்ட்ல லோக்கல் அட்ரஸ் காலத்தை மட்டும் நிதானமா படிங்க. 127.0.0.1:5432ன்னு இருந்தா அந்த மெஷின் உள்ள இருக்கறவங்களுக்கு மட்டும். 0.0.0.0:22ன்னு இருந்தா எந்த நெட்வொர்க் கார்டு வழியா வந்தாலும் பதில் சொல்லும். ரெண்டு கோலன் போட்ட ஸ்கொயர் பிராக்கெட்டோ வெறும் ஸ்டாரோ இருந்தா ஐபிவி6 பக்கமும் திறந்திருக்கு, இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. 127.0.0.53ல 53வது போர்ட் இருந்தா பயப்படாதீங்க, அது சிஸ்டம்டி ரிசால்வ்டு, பேரை ஐபியா மாத்தித் தர்ற வேலை.

அந்த அவுட்புட்ட ஒரு ஃபைல்ல போட்டு தேதியோட சேவ் பண்ணுங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் இன்னொரு தடவ எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டா, நீங்க திறக்க நினைச்சது மட்டும்தான் திறந்திருக்கா, கூட வேற எதாவது வந்து ஒட்டிக்கிச்சான்னு தெரிஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் நான் இத செய்யறேன்.

தேவையில்லாதது எதாவது ஓடினா சிஸ்டம்சிடிஎல் (சர்வீஸ்கள பாத்துக்கற சிஸ்டம்டிக்கு உத்தரவு போடற கமாண்டு) டிசேபிள் --நவ் போட்டு நிறுத்துங்க. சில சர்வீஸ் நிறுத்தின பிறகும் திரும்ப எழுந்துக்கும், ஏன்னா அதுக்குன்னு தனியா ஒரு சாக்கெட் யூனிட் (சிஸ்டம்டி பாத்துக்கற ஒவ்வொண்ணுக்கும் யூனிட்னு பேர்) காத்துக்கிட்டு இருக்கும், யாராவது தட்டினா சர்வீஸ எழுப்பி விட்டுடும். பிரிண்டருக்கான கப்ஸ் அப்படித்தான், கப்ஸ் டாட் சர்வீஸோட கப்ஸ் டாட் சாக்கெட்டையும் சேத்து நிறுத்தணும். எந்தக் காரணத்துக்கும் எழவே கூடாதுன்னா மாஸ்க் பண்ணிடுங்க, அது அந்த யூனிட்ட டெவ் நல்லுக்கு (எதுவுமே இல்லாத காலி ஃபைல்) லிங்க் பண்ணிடும், கையால ஸ்டார்ட் பண்ணாலும் வராது.

இதுல நான் ஏன் இவ்வளவு கறாரா இருக்கேன்னா, 1988 நவம்பர் 2ம் தேதி கிளம்பின மோரிஸ் வார்ம் பரவின வழிகள்ல ஒண்ணு ஃபிங்கர்ங்கற சின்ன சர்வீஸ். யார் லாகின்ல இருக்காங்கன்னு சொல்றதத் தவிர அதுக்கு பெருசா வேலை இல்ல. ஆனா பல பேர் யூஸ் பண்ற யூனிக்ஸ் மெஷின்கள்ல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுல இருந்த ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கின இடத்துக்கு மேல டேட்டாவ திணிக்கறது) ஓட்டை போதுமானதா இருந்துச்சு. யாருக்கும் அவசரமா தேவைப்படாத ஒண்ணு திறந்து கிடந்ததால எல்லாருக்கும் வந்த வினை அது.

யாருக்கு, எங்கேர்ந்து

சர்வீஸ் பேர் சொல்லி யாராவது கேட்டா (விண்டோஸோட ஃபைல் ஷேர் பண்ற சாம்பா வேணும், டேட்டாபேஸ் வேணும், பிரவுசர்ல கோடு எழுதி ஓட்டற ஜூபிட்டர் வேணும்) நான் உடனே டைப் பண்ண மாட்டேன். ரெண்டு விஷயம் கேப்பேன். இந்த மெஷின்ல அக்கவுண்ட் இருக்கற எல்லாருக்குமா, ஒரு குரூப்புக்கு மட்டுமா, ஒரே ஒருத்தருக்கா? அவங்க எங்கேர்ந்து வருவாங்க, இதே மெஷின் உள்ளேர்ந்தா, அதே உள் நெட்வொர்க்லேர்ந்தா, இன்டர்நெட்லேர்ந்தா? இந்த ரெண்டு பதிலும் கையில இருந்தா மத்த எல்லா செட்டிங்கும் தானா முடிவாகிடும், எந்த ஐபில கேக்கணும், ஃபயர்வால்ல என்ன ரூல், எந்த குரூப். பதில் இல்லாம ஆன் பண்ணிட்டா எல்லாமே "எல்லாருக்கும், எங்கேர்ந்தும்"னு ஆகிடும்.

பாதி கேஸ்ல, கேட்டதுக்கப்புறம் புது சர்வீஸே தேவையில்லன்னு தெரியும். ஃபைல் அனுப்பணும்னு எஃப்டிபி (பழைய ஃபைல் அனுப்பற முறை) கேப்பாங்க, எஸ்எஸ்ஹெச் (வேற மெஷின்லேர்ந்து பாதுகாப்பா லாகின் பண்ற சர்வீஸ்) இருந்தா ஃபைல் அனுப்பற எஸ்எஃப்டிபி கூடவே இருக்கு, வேலை முடிஞ்சுது.

ஸ்டார்ட் வேற, எனேபிள் வேற

ஸ்டார்ட் பண்ணா இப்போ ஓடும், ரீபூட் ஆனா போயிடும். எனேபிள் பண்ணா அடுத்த பூட்லேர்ந்து ஓடும், இப்போ ஓடாது. ரெண்டும் வேணும்னா சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ். எனேபிள்ங்கறது மாயம் ஒண்ணும் இல்ல, மல்டி யூசர் டார்கெட் வான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல ஒரு லிங்க் போடும், அவ்வளவுதான். மெஷின் எழுந்து பல பேர் லாகின் பண்ணலாம்ங்கற நிலைக்கு வரும்போது அந்த ஃபோல்டர்ல இருக்கறதெல்லாம் ஸ்டார்ட் ஆகும், பழைய யூனிக்ஸ் ஆளுங்க ரன்லெவல் 3ன்னு சொல்றது இதைத்தான்.

டெபியன், உபுண்டுல ஒரு பழக்கம் இருக்கு: ஏபிடி கமாண்டால (புது புரோகிராம் இறக்கறது) இன்ஸ்டால் பண்ண அடுத்த நொடியே சர்வீஸ் ஓட ஆரம்பிச்சுடும், நீங்க கான்ஃபிக் ஃபைல திறக்கறதுக்கு முன்னாடியே. ரெட்ஹேட் பக்கம் அப்படி இல்ல, நீங்களா ஸ்டார்ட் பண்ணணும். ஷேர்டு மெஷின்ல டீஃபால்ட் செட்டிங்கோட ரெண்டு நிமிஷம் ஓடறதுகூட எனக்குப் பிடிக்காது, அதனால முதல்ல அந்த யூனிட் பேர மாஸ்க் பண்ணிடுவேன் (இன்ஸ்டால் ஆகாததையும் மாஸ்க் பண்ணலாம், ஒரு வார்னிங் மட்டும் வரும்), அப்புறம் இன்ஸ்டால், அப்புறம் கான்ஃபிக், கடைசியா அன்மாஸ்க், எனேபிள் --நவ்.

எஸ்எஸ்ஹெச், இதுதான் வாசக்கதவு

1995ல ஹெல்சிங்கி டெக்னிகல் யுனிவர்சிட்டில நெட்வொர்க்ல போற பாஸ்வேர்ட யாரோ ஒட்டுக்கேட்டு திருடினாங்க, அதுக்கு பதிலாத்தான் டாட்டு இலோனென் எஸ்எஸ்ஹெச் எழுதினார். எஃப்டிபிக்கு 21, பழைய ரிமோட் லாகின் முறையான டெல்நெட்டுக்கு 23, நடுவுல 22 காலியா இருந்துச்சு, அத வாங்கினார், ரெண்டுக்கும் மாற்றா வந்ததுக்கு அந்த இடம் பொருத்தமாவும் அமைஞ்சுது. இன்னிக்கு நாம யூஸ் பண்றது 1999ல வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச். டெல்நெட் ஆன் பண்ணச் சொல்லி யாராவது கேட்டா இந்தக் கதைய சொல்லி மறுத்துடுங்க.

யூனிட் பேர் டெபியன் பக்கம் எஸ்எஸ்ஹெச், ரெட்ஹேட் பக்கம் எஸ்எஸ்ஹெச்டி. ஆன் பண்றது ஒரே வரி. அதுக்கப்புறம்தான் வேலையே.

முதல் வேலை, யார் யார் உள்ள வரலாம்னு ஒரு குரூப் போடுங்க. குரூப்ஆட் கமாண்டால ரிமோட்லாகின்னு ஒரு குரூப் உருவாக்கி, வரவேண்டியவங்கள யூசர்மாட், சின்ன ஏ பெரிய ஜி ஆப்ஷனோட அதுல சேத்துடுங்க (சின்ன ஏ-வ மறந்துட்டா அந்த ஆள் ஏற்கனவே இருந்த எக்ஸ்ட்ரா குரூப் எல்லாத்துலேர்ந்தும் வெளிய வந்துடுவார், கவனம்). அப்புறம் எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் டாட் டி ஃபோல்டர்ல புதுசா ஒரு ஃபைல், அதுல அலவ்குரூப்ஸ் ரிமோட்லாகின், பெர்மிட்ரூட்லாகின் நோ, இந்த ரெண்டு வரி. எல்லாரும் கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா லாகினுக்கு யூஸ் பண்ற சாவி ஃபைல்) வச்சிருக்காங்கன்னா பாஸ்வேர்டுஆதன்டிகேஷன் நோ-வும் போடலாம், வச்சிருக்கலன்னா ஒரு தேதி சொல்லி எல்லாரையும் கீக்கு மாத்திட்டு அப்புறம் போடுங்க, ராத்திரியோட ராத்திரியா போட்டா காலைல இருபது பேர் வெளிய நிப்பாங்க. இந்த வரிய சேவ் பண்றதுக்கு முன்னாடி உங்கள நீங்க அந்த குரூப்ல சேத்தாச்சான்னு ஐடி கமாண்டு போட்டு பாத்துக்கோங்க.

இங்க எல்லாரும் மாட்டிக்கற ஒரு இடம் இருக்கு. எஸ்எஸ்ஹெச்டி ஒரு செட்டிங்க பல இடத்துல பாத்தா முதல்ல படிச்சதைத்தான் எடுத்துக்கும், கடைசில படிச்சத இல்ல. கிளவுட்ல எடுத்த மெஷின்ல 50-கிளவுட்-இனிட்னு ஒரு ஃபைல் ஏற்கனவே பாஸ்வேர்டுஆதன்டிகேஷன் யெஸ்னு வச்சிருக்கலாம், நீங்க 99ன்னு நம்பர் போட்டு ஃபைல் பண்ணி நோ-ன்னு எழுதினா அது ஏறாது, எர்ரரும் வராது, நீங்க பூட்டிட்டதா நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, கதவு திறந்தே கிடக்கும். உங்க ஃபைலுக்கு 10ன்னு ஆரம்பிக்கற பேர் வைங்க. எழுதி முடிச்சதும் எஸ்எஸ்ஹெச்டி ஹைஃபன் சின்ன டி போட்டா எழுத்துப்பிழை இருக்கான்னு சொல்லும், பெரிய டி போட்டா கடைசில நிஜமா என்ன செட்டிங் அமலுக்கு வருதுன்னு மொத்தமா காட்டும். நான் நம்பறது அந்த பெரிய டி-யோட அவுட்புட்ட மட்டும்தான்.

ரெண்டும் சரின்னா ரீலோட் பண்ணுங்க. இப்போ இருக்கற செஷன மூடாம, இன்னொரு விண்டோல புதுசா லாகின் பண்ணி பாருங்க. புதுசு வந்தாதான் பழச மூடணும்.

கீ போட்டும் லாகின் ஆகலன்னு யூசர் வந்து நிப்பாங்க. பத்துக்கு எட்டு தடவ பெர்மிஷன்தான் காரணம் (மூணு நம்பரும் வரிசையா ஓனர், குரூப், மத்தவங்க என்ன பண்ணலாம்னு சொல்லும்): டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் 600, ஹோம் ஃபோல்டர்ல குரூப்புக்கு ரைட் பெர்மிஷன் இருக்கக்கூடாது. ஒரே குரூப்ல வேலை பாக்கறவங்க வசதிக்காக ஹோம 775 ஆக்கிடுவாங்க, உடனே எஸ்எஸ்ஹெச் அவங்க கீய நம்ப மறுக்கும், அது சரியும்கூட, ஏன்னா குரூப்ல இருக்கற யாரும் அந்த ஃபோல்டர நகத்தி தன் கீய வைக்க முடியும். ஷேர் பண்றதுக்குன்னு தனி ஃபோல்டர் போட்டு 2775 கொடுங்க, முன்னாடி இருக்கற 2 தான் உள்ள உருவாகற ஃபைலுக்கு குரூப்ப தானா ஒட்டிக் கொடுக்கும்.

போர்ட் நம்பர மாத்தலாமான்னு கேப்பாங்க. மாத்தினா லாக்ல சத்தம் குறையும், பாதுகாப்பு பெருசா ஏறாது. ஆனா ஷேர்டு மெஷின்ல 2222 மாதிரி நம்பருக்கு போகாதீங்க. 1024க்கு கீழ இருக்கற போர்ட்ட சாதாரண யூசர் பிடிக்க முடியாது, மேல இருக்கறத யார் வேணா பிடிக்கலாம், எஸ்எஸ்ஹெச்டி எதாவது காரணத்துல விழுந்த நேரத்துல உள்ள இருக்கற ஒருத்தர் அதே 2222ல தன் புரோகிராம உக்கார வச்சு பாஸ்வேர்டு கேக்க முடியும். மாத்தியே ஆகணும்னா 1024க்கு கீழ ஒரு நம்பர். உபுண்டு 22.10லேர்ந்து எஸ்எஸ்ஹெச் சாக்கெட் வழியாத்தான் எழுந்துக்குது, அங்க போர்ட் மாத்தினா டீமன்-ரீலோட் போட்டு எஸ்எஸ்ஹெச் டாட் சாக்கெட்ட ரீஸ்டார்ட் பண்ணாதான் ஏறும்.

ஃபைல் மட்டும் போட வர்றவங்களுக்கு

ஷெல் (கமாண்டு அடிக்கற இடம்) வேண்டாம், ஃபைல் அப்லோடு மட்டும் போதும்னா ஒரு மேட்ச் குரூப் பிளாக் போட்டு உள்ள ஃபோர்ஸ்கமாண்டு இன்டர்னல்-எஸ்எஃப்டிபி, குரூட்டைரக்டரி ரெண்டும் எழுதுங்க. குரூட் ஃபோல்டரும் (யூசர் அத விட்டு வெளிய போக முடியாத மாதிரி அடைக்கற ஃபோல்டர்) அதுக்கு மேல இருக்கற எல்லா ஃபோல்டரும் ரூட் பேர்ல இருக்கணும், வேற யாரும் எழுத முடியாத மாதிரி இருக்கணும், இல்லன்னா லாகின் ஆன உடனே கனெக்ஷன் அறுந்துடும். யூசர் எழுதறதுக்கு அதுக்குள்ள இன்னொரு ஃபோல்டர் போட்டு அத அவர் பேருக்கு மாத்துங்க.

அந்த பிளாக்லயே அலவ்டிசிபிஃபார்வர்டிங் நோ-ன்னு ஒரு வரி கட்டாயம் வேணும். ஷெல்ல பறிச்சாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு விட்டுடுவாங்க, ஆனா ஃபார்வர்டிங் திறந்திருந்தா அந்த ஆள் டனல் (எஸ்எஸ்ஹெச் வழியா வேற போர்ட்டுக்கு போற வழி) போட்டு உள்ள 127.0.0.1ல மட்டும் கேக்கற டேட்டாபேஸ் வரைக்கும் போகலாம்.

ஃபயர்வால்

ஷேர்டு மெஷின்ல ஃபயர்வால் விருப்பம் இல்ல, கட்டாயம். மேலயே சொன்னேன், 1024க்கு மேல யார் வேணா போர்ட் திறக்கலாம். பைத்தான்ல ஒரே வரி போதும், ஒருத்தரோட ஹோம் ஃபோல்டர் முழுக்க 8000வது போர்ட்ல வெளிய தெரியும், அவர் தன் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு ஒரு ஃபைல் எடுக்கத்தான் அத பண்ணியிருப்பார். எல்லா யூசர் கிட்டயும் போய் பண்ணாதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாது, உள்ள வர்றத எல்லாம் தடுத்துட்டு வேண்டியத மட்டும் விடறதுதான் வழி.

யுஎஃப்டபிள்யூல (உபுண்டுல ஃபயர்வால செட் பண்ற கமாண்டு) வரிசை இப்படி: டீஃபால்ட் டினை இன்கமிங், அப்புறம் அலவ் ஓபன்எஸ்எஸ்ஹெச், அதுக்கப்புறம்தான் எனேபிள். நான் ஆரம்ப காலத்துல ஒரு தடவ நடு வரிய விட்டுட்டு எனேபிள் அடிச்சேன், மெஷின் இருந்த இடம் பூட்டியிருந்துச்சு, அடுத்த நாள் காலைல சாவி வர்ற வரைக்கும் யாரும் உள்ள போக முடியல, ஒருத்தர் மூணு நாளா ஓட்டிக்கிட்டு இருந்த கணக்கோட ரிசல்ட்ட அன்னிக்கு ராத்திரி எடுத்தாகணும், எடுக்க முடியல. அவர் முகத்த இன்னும் மறக்கல. அதுலேர்ந்து ரிமோட்ல ஃபயர்வால தொடும்போது முதல்ல சுடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=10மின் யுஎஃப்டபிள்யூ டிசேபிள்னு அடிச்சுடுவேன். பத்து நிமிஷத்துல ஃபயர்வால் தானா அணைஞ்சுடும். நல்லபடியா புது லாகின் வந்துச்சுன்னா அந்த டைமர நிறுத்திட்டா போச்சு.

உள் நெட்வொர்க்குக்கு மட்டும்னா ஃப்ரம் போட்டு அந்த ஐபி ரேஞ்ச எழுதுங்க. எஸ்எஸ்ஹெச் இன்டர்நெட்ல இருந்தா அலவுக்கு பதிலா லிமிட் போடலாம், ஒரே ஐபிலேர்ந்து 30 செகண்டுல 6 தடவ தட்டினா தடுத்துடும், ஆனா ஒரே ரவுட்டருக்கு பின்னாடி நிறைய பேர் இருந்து ஒரே நேரத்துல லாகின் பண்ற இடம்னா இது நல்லவங்களையும் தடுக்கும், யோசிச்சு போடுங்க.

ரெட்ஹேட் பக்கம் ஃபயர்வால்-சிஎம்டி. --பெர்மனென்ட் போட்டா ஃபைல்ல மட்டும் எழுதும், இப்போ ஏறாது, பின்னாடியே --ரீலோட் அடிக்கணும். அங்க எஸ்ஈலினக்ஸும் (ஒவ்வொரு சர்வீஸும் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்தற கூடுதல் காவல்) இருக்கு, சர்வீஸ வழக்கமில்லாத போர்ட்டுக்கு மாத்தினா செமனேஜ் போர்ட் கமாண்டால அதுக்கும் சொல்லணும். ஃபயர்வால் திறந்திருக்கு, கான்ஃபிக் சரியா இருக்கு, பெர்மிஷன் டினைடுன்னு வருதுன்னா எஸ்ஈலினக்ஸ பாருங்க. தயவுசெஞ்சு அத மொத்தமா அணைக்காதீங்க.

டாக்கர் (புரோகிராம்கள தனித்தனி கன்டெய்னர்ல ஓட்டற டூல்) இருந்தா இன்னொரு விஷயம். கன்டெய்னர் போர்ட்ட ஹைஃபன் பி போட்டு வெளிய விட்டா டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட அடிப்படை ஃபயர்வால்) ரூல் எழுதிக்கும், யுஎஃப்டபிள்யூ தடுத்திருந்தாலும் அந்த போர்ட் வெளிய தெரியும். 127.0.0.1:8080:80ன்னு முன்னாடி ஐபி சேத்து எழுதச் சொல்லுங்க. டாக்கர் குரூப்ல ஒருத்தர சேக்கறது அவருக்கு ரூட் கொடுக்கற மாதிரிதான், கேட்டாங்கன்னு சேத்து விடாதீங்க.

லோக்கல்ஹோஸ்ட் உங்க தனி ரூம் இல்ல

இந்த ஒரு பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன்னே சொல்லலாம். எங்க பாத்தாலும் "127.0.0.1ல மட்டும் கேக்க வைங்க, சேஃப்"னு எழுதியிருப்பாங்க. அது ஒரே ஆள் இருக்கற மெஷினுக்கு சரி. பல பேர் லாகின் பண்ற மெஷின்ல எல்லாரோட லோக்கல்ஹோஸ்ட்டும் (127.0.0.1க்கு இன்னொரு பேர்) ஒண்ணுதான், அது பொது முற்றம் மாதிரி, நீங்க அங்க வச்ச எதையும் மத்த அக்கவுண்ட் எல்லாம் தொடலாம். ஃபயர்வால் ரூலும் வழக்கமா லூப்பேக்க (மெஷின் தனக்குள்ளயே பேசிக்கற அந்த வழி) தொடாது.

ரெடிஸ (மெமரில டேட்டா வைக்கற டேட்டாபேஸ்) எடுத்துக்கோங்க. டீஃபால்ட்ல 6379ல லோக்கல்ஹோஸ்ட்ல கேக்கும், பாஸ்வேர்டு கிடையாது. மெஷின்ல ஷெல் இருக்கற யாரும் ரெடிஸ்-சிஎல்ஐ அடிச்சு உள்ள இருக்கற அத்தனையும் படிக்கலாம், அழிக்கலாம். இதுக்கு நல்ல தீர்வு போர்ட்ட 0 ஆக்கிட்டு யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாத்தறது. யூனிக்ஸ் சாக்கெட்னா அது ஒரு ஃபைல், ஃபைல்னா ஓனர், குரூப், பெர்மிஷன் எல்லாம் உண்டு. யூனிக்ஸ்சாக்கெட்பெர்ம் 770ன்னு போட்டு, தேவையான அப்ளிகேஷன மட்டும் அந்த குரூப்ல சேத்துட்டா மத்தவங்க கிட்டயே வர முடியாது. கூடவே ஒரு பாஸ்வேர்டும் போட்டு வைங்க.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இதுல ரொம்ப ஒழுங்கு. யூனிக்ஸ் சாக்கெட் வழியா வந்தா பியர்னு ஒரு முறை இருக்கு, கேக்கறது எந்த லினக்ஸ் யூசர்னு கெர்னல் கிட்டயே கேட்டு, அதே பேர்ல இருக்கற டேட்டாபேஸ் யூசரா மட்டும் விடும். பாஸ்வேர்டே வேண்டாம், அதனால பாஸ்வேர்டு கசியவும் கசியாது. மறந்தும் கமாண்டு லைன்ல பாஸ்வேர்ட ஆர்க்யூமென்ட்டா கொடுத்து எதையும் ஓட்டாதீங்க, பிஎஸ் (ஓடற ப்ராசஸ் லிஸ்ட் காட்டற கமாண்டு) அடிக்கற எல்லாருக்கும் அது தெரியும்.

ஜூபிட்டர் நோட்புக்ல வேற மாதிரி குழப்பம் வரும். முதல் ஆள் ஸ்டார்ட் பண்ணா 8888, அடுத்தவர் ஸ்டார்ட் பண்ணா அது பிஸியா இருக்கறதால 8889க்கு நகந்துடும், அவர் பழக்கத்துல 8888க்கே எஸ்எஸ்ஹெச் டனல் போடுவார், இன்னொருத்தரோட பேஜ் வந்து டோக்கன் (பாஸ்வேர்டு மாதிரி ஒரு ரகசிய எழுத்துச் சரம்) கேக்கும், தன் டோக்கன போட்டு போட்டு பாத்துட்டு ஏறலன்னு நம்மகிட்ட வருவார். டோக்கன் இருந்ததால தப்பிச்சுது, அதனால "தினமும் டோக்கன் போட சலிப்பா இருக்கு, எடுத்துடலாமா"ன்னு கேக்கறவங்களுக்கு காரணத்த சொல்லி புரிய வைங்க. ஆளுக்கு ஒரு போர்ட் நம்பர ஒதுக்கி ஒரு ஃபைல்ல எழுதி வச்சா குழப்பம் போகும். பத்து பேருக்கு மேல இருந்தா ஜூபிட்டர்ஹப் போடறதுதான் நல்லது, லினக்ஸ் அக்கவுண்ட்டோடயே லாகின் ஆகும்.

வெப், சாம்பா, என்எஃப்எஸ்

ஆளுக்கு ஒரு வெப்பேஜ் வேணும்னா அப்பாச்சி வெப் சர்வர்ல யூசர்டைர் மாட்யூல ஆன் பண்ணுங்க, ஹோம்ல பப்ளிக் அண்டர்ஸ்கோர் ஹெச்டிஎம்எல் ஃபோல்டர்ல வைக்கறது டில்டே (~) போட்ட அட்ரஸ்ல தெரியும். உபுண்டு 21.04லேர்ந்து புது ஹோம் ஃபோல்டர் 750ல உருவாகுது, அதனால அப்பாச்சி உள்ள நுழைய முடியாம 403 (அனுமதி இல்லங்கற எர்ரர்) வரும். ஹோமுக்கு 711 கொடுத்தா போதும், கடந்து போகலாம், லிஸ்ட் பாக்க முடியாது. 755 கொடுக்காதீங்க. ரெட்ஹேட்ல கூடவே ஹெச்டிடிபிடி எனேபிள் ஹோம்டைர்ஸ்ங்கற எஸ்ஈலினக்ஸ் பூலியனையும் ஆன் பண்ணணும்.

சாம்பாக்கு பாஸ்வேர்டு தனி, லினக்ஸ் பாஸ்வேர்டு அங்க செல்லாது, ஒவ்வொருத்தருக்கும் எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி ஹைஃபன் ஏ போடணும். 445வது போர்ட்ட உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்க, இன்டர்நெட்டுக்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

என்எஃப்எஸ் (மெஷின்களுக்குள்ள ஃபோல்டர் ஷேர் பண்றது) சாதாரணமா அந்தப் பக்கத்து மெஷின் சொல்ற யூசர் நம்பர அப்படியே நம்பும். இங்க 1005 ஒருத்தர், அங்க 1005 வேற ஒருத்தர்னா அவர் ஃபைல இவர் திறப்பார். நம்பர எல்லா மெஷின்லயும் ஒண்ணாக்கிட்டு அப்புறம் எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ரூட் அண்டர்ஸ்கோர் ஸ்குவாஷ் (அந்தப் பக்கத்து ரூட்டுக்கு இங்க ரூட் அதிகாரம் தராதது) டீஃபால்ட்ல இருக்கும், அத எடுக்காதீங்க.

யூசர் தானே ஓட்டற சர்வீஸ்

எல்லாத்துக்கும் ரூட் தேவையில்ல. ஒருத்தர் தன் பாட் (தானா வேலை செய்யற புரோகிராம்) ஒண்ண இருபத்தி நாலு மணி நேரமும் ஓட்டணும்னா, அவர் ஹோம்லயே டாட் கான்ஃபிக், சிஸ்டம்டி, யூசர் ஃபோல்டர்ல ஒரு யூனிட் ஃபைல் எழுதி சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் போட்டுக்கலாம். அவர் கடைசி செஷன்லேர்ந்து வெளிய போனதும் அது நின்னுடும், நிக்காம இருக்க நாம லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் போட்டு அவர் பேர கொடுக்கணும். இத கேட்டவங்களுக்கு மட்டும் கொடுத்து, யாருக்கு கொடுத்தோம்னு எழுதி வச்சுக்கோங்க, அவங்க போனப்புறம் எடுக்கணும்ல.

ஒருத்தர் சர்வீஸ் மெமரிய முழுங்கி மத்தவங்க செஷன் எல்லாம் உறையற நிலை வரக்கூடாது. சிஸ்டம்டி ஒவ்வொரு யூசருக்கும் ஒரு ஸ்லைஸ் (மெமரி, சிபியு அளவு வைக்கற பிரிவு) வச்சிருக்கு. இடிசி, சிஸ்டம்டி, சிஸ்டம் உள்ள யூசர் ஹைஃபன் டாட் ஸ்லைஸ் டாட் டி-ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, ஒரு கான்ஃப் ஃபைல்ல ஸ்லைஸ்னு தலைப்பு வச்சு கீழ மெமரிமேக்ஸ், சிபியுகோட்டா எழுதி டீமன்-ரீலோட் பண்ணுங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி அளவு வந்துடும். எவ்வளவுங்கறத உங்க மெஷின் ரேம பாத்து முடிவு பண்ணுங்க, நான் வழக்கமா ஒரே ஆள் பாதிக்கு மேல எடுக்க விடமாட்டேன்.

சிஸ்டம் சர்வீஸ் பக்கம், ஹோம் ஃபோல்டர் தேவையே இல்லாததுக்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு ப்ரொடெக்ட்ஹோம்=யெஸ், ப்ரைவேட்டெம்ப்=யெஸ் (டெம்ப்புக்கு டி, எம், பி மூணு எழுத்துதான்) ரெண்டும் சேத்துடுங்க. அந்த சர்வீஸ்ல ஓட்டை விழுந்தாலும் யூசர் ஃபைல் அதோட கண்ணுக்கே தெரியாது.

கடைசியா ரீபூட்

ரீபூட் பண்ணி பாக்காம வேலை முடிஞ்சுதுன்னு சொல்லாதீங்க. முன்னாடி நாளே எல்லாருக்கும் சொல்லுங்க, அன்னிக்கு ஹூ கமாண்டுல யார் இருக்காங்கன்னு பாருங்க, ஷட்டவுன் ஹைஃபன் ஆர் பிளஸ் 30ன்னு நேரம் கொடுங்க, உள்ள இருக்கறவங்க டெர்மினல்ல அறிவிப்பு தானா போகும், கடைசி 5 நிமிஷம் புது லாகினையும் தடுத்துடும். நீளமா எதாவது கணக்கு ஓடினா அவரோட பேசி நேரத்த மாத்துங்க, மெஷின் நம்ம கையில இருக்குங்கறதுக்காக நிறுத்திடக் கூடாது.

எழுந்ததும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு அடிங்க. கையால ஸ்டார்ட் பண்ணா ஓடுது, பூட்ல மட்டும் விழுதுன்னா பெரும்பாலும் ஒரு காரணம்: கான்ஃபிக்ல குறிப்பிட்ட ஒரு ஐபி கொடுத்திருப்பீங்க, சர்வீஸ் எழும்போது அந்த ஐபி இன்னும் கார்டுக்கு வந்திருக்காது, லாக்ல கேட்ட அட்ரஸ ஒதுக்க முடியலன்னு இருக்கும். எடிட் போட்டு வான்ட்ஸ், ஆஃப்டர் ரெண்டுலயும் நெட்வொர்க்-ஆன்லைன் டாட் டார்கெட் சேத்தா சரியாகிடும். எதுவானாலும் ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் யு போட்டு யூனிட் பேர கொடுங்க, பாதி பதில் அங்கயே இருக்கும்.

அப்புறம் ஆரம்பத்துல சேவ் பண்ண எஸ்எஸ் லிஸ்ட்ட எடுத்து இப்போ இருக்கறதோட டிஃப் போடுங்க. வெளிய வேற மெஷின்லேர்ந்து என்மேப் (எந்த போர்ட் திறந்திருக்குன்னு வெளியிலேர்ந்து பாக்கற டூல்) ஓட்டுங்க (உங்க மெஷின் மேல மட்டும்), நீங்க ஃபயர்வால்ல திறந்தது மட்டும்தான் வெளிய தெரியணும். கடைசியா, சுடோ இல்லாத ஒரு சாதாரண டெஸ்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி எல்லா சர்வீஸையும் ஒரு தடவ தொட்டு பாருங்க, திறக்க வேண்டியது திறக்குதா, அடுத்தவங்க ஹோம், அடுத்தவங்க சாக்கெட் எல்லாம் பெர்மிஷன் டினைடுன்னு வருதான்னு. அந்த அக்கவுண்ட அழிக்காதீங்க, யூசர்மாட் ஹைஃபன் பெரிய எல் போட்டு பாஸ்வேர்ட பூட்டி, ரிமோட்லாகின் குரூப்லேர்ந்தும் எடுத்து வைங்க, அடுத்த சர்வீஸ் ஆன் பண்ற அன்னிக்கு திரும்ப தேவைப்படும்.